சான் அன்டோனியோவில் ஓர் இறையியல் மாநாடு: முதன்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை போனபோது ஒரு சொற்பொழிவையும் விடவில்லை. இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினேன். கடைசி நாள் மாலை, பழைய வகுப்புத்தோழி ஒருவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "மூன்று நாளாக உன்னைத் தேடுகிறேன். எங்கே ஒளிந்திருந்தாய்?" என்று கேட்டார். நான் எங்கும் ஒளியவில்லை. அரங்கில் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் தேடியது காப்பி மேசையருகில், உணவுக்கூடத்தில், வாசலில் வேப்பமரம் போல நிழல் விரித்திருந்த ஓக் மரத்தடியில். வேறு மாநாடுகளில் ஆட்கள் அரங்கில் இருப்பார்கள். இங்கே மற்ற இடங்களில் இருப்பார்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகமாவது மிச்சமாகியிருக்கும்.

நான் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இரண்டு ஆண்டு படித்தபோது பக்கத்து அறைகளில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த நட்பின் தயவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் நடக்கும் ஹிஸ்பானிக் இறையியல் கூட்டங்களுக்கு மூன்று முறை போய்வந்திருக்கிறேன். படிக்கப் போயிருக்கும் மாணவர்கள், அழைப்பு வந்து திகைத்திருக்கும் போதகர்கள், குருக்கள், சபைப் பொறுப்பாளர்கள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன்.

எங்கே போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நம்மவர் செய்யும் முதல் தவறு, ஏழைகளின் பக்கம் நின்று வேதத்தை வாசிக்கும் விடுதலை இறையியலின் முன்னோடி, பெருவைச் சேர்ந்த குஸ்தாவோ குத்தியேரெஸைப் படித்துவிட்டு, "விடுதலை இறையியல்தானே, தெரியும்" என்று கிளம்புவது. அது உறவுக்கார வீடுதான், ஆனால் வேறு வீடு. ஹிஸ்பானிக் இறையியல் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள் வாழும் மெக்சிகோ, கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, நடு அமெரிக்க வழியினரின் வாழ்க்கையிலிருந்து கிளம்பியது. அவர்கள் இன்று ஆறரைக் கோடிக்கும் மேல். சான் அன்டோனியோவில் மூவருக்கு இருவர் அவர்களே. பலரை 'குடியேறியவர்கள்' என்று சொன்னால் முகம் மாறும். மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போரை முடித்த 1848 ஒப்பந்தத்துக்கு முன் தென்மேற்கு மாநிலங்களில் பெரும்பகுதி மெக்சிகோவின் மண். "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு.

மூன்று பெயர்களையாவது தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள். விர்ஹிலியோ எலிசோந்தோ (1935-2016) சான் அன்டோனியோவிலேயே மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த கத்தோலிக்கக் குரு. இயேசு ஏன் கலிலேயர் என்பதே அவருடைய கேள்வி. எருசலேமின் படித்தவர்கள் இளக்காரமாகப் பார்த்த, பல இனங்கள் கலந்த எல்லைப்புறம் கலிலேயா. அங்கிருந்து வந்தவரை, மெக்சிகரும் முழுதாக ஏற்காத, வெள்ளையரும் முழுதாக ஏற்காத தன் மக்களோடு சேர்த்து அவர் வாசித்தார். 'மெஸ்திசாஹே', அதாவது கலப்பு, என்ற சொல் இந்த இறையியலின் நடுத்தூணானது அப்படித்தான். அந்தத் தூணையும் பிறகு வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டார்கள். 'கலப்பு' என்ற பேச்சில் கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் காணாமல்போகிறார்கள் என்ற விமர்சனத்தை எந்த அமர்வில் உட்கார்ந்தாலும் கேட்பீர்கள்.

இரண்டாமவர் ஹுஸ்தோ கொன்சாலெஸ். 1937இல் ஹவானாவில் பிறந்த மெதடிஸ்ட் திருச்சபை வரலாற்றாசிரியர். நம் இறையியல் கல்லூரிகள் பலவற்றின் நூலகத்தில் அவருடைய சபை வரலாற்று நூல்கள் இருக்கும். மூன்றாமவர் அடா மரியா இசாசி-தியாஸ் (1943-2012). 'முஹெரிஸ்தா' என்று தன் பெண்ணிய இறையியலுக்குப் பெயரிட்டவர். இறையரசு என்ற சொல்லில் அரசனின் அதிகாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று, ஆங்கிலத்தில் 'கிங்டம்' என்பதிலிருந்து ஓர் எழுத்தை மட்டும் உருவிவிட்டு, 'உற்றாரின் உலகம்' என்று பொருள்படும்படி 'கின்டம்' என்று அதைப் புழக்கத்தில் விட்டவர். 'லோ கோத்திதியானோ', அன்றாடம், அவருடைய பிடித்தமான சொல். பாட்டி தக்காளி நறுக்கிக்கொண்டே சொல்லும் ஜெபமும் இறையியலுக்கு ஆதாரம் என்பார்.

அமைப்புகளில் கத்தோலிக்க ஹிஸ்பானிக் இறையியலாளர்களின் கழகம் 1988இல் தொடங்கியது. ஹிஸ்பானிய இறையியல் கல்விக்கான சங்கம் 1991இல் கொன்சாலெஸின் முயற்சியில் எழுந்தது. முனைவர் பட்ட மாணவர்களைத் தாங்கிப் பிடிக்கும் ஹிஸ்பானிக் இறையியல் முயற்சி 1996இல் வந்தது. இவற்றைச் சுற்றியும், தனித்தனிச் சபைகள் சார்பிலும் கூட்டங்கள் நடக்கின்றன. எதற்குப் போனாலும் ஒரு சொற்றொடர் காதில் விழுந்துகொண்டே இருக்கும்: 'தெயோலொஹியா என் கொன்ஹுந்தோ'. கூடிச் செய்யும் இறையியல். தனியறையில் உட்கார்ந்து எழுதி வந்து வாசிப்பது இரண்டாம்பட்சம். கூடி உட்கார்ந்து பேசி, சாப்பிட்டு, சண்டையும் போட்டு உருவாக்குவதுதான் முதலாவது. பயணத் திட்டம் முழுவதையும் இந்தச் சொற்றொடரை வைத்தே போடுங்கள் என்பேன்.

ஆறு மாதத்துக்கு முன்: விசாவும் கடிதங்களும்

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு பி-1 விசா. கல்வி, தொழில்முறை மாநாடுகளில் கலந்துகொள்வது அதன் நோக்கங்களில் வெளிப்படையாகவே உண்டு. டிஎஸ்-160 படிவம், 185 டாலர் விண்ணப்பக் கட்டணம், விரல்ரேகை, பிறகு அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே நேர்காணல். காத்திருப்பு சில சமயம் வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு. அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த அன்றே முன்பதிவுப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். கடிதத்தில் மாநாட்டின் தேதி, இடம், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கேட்கக் கூச்சப்படவேண்டாம்.

'தமிழ்நாட்டுக்காரருக்கு ஸ்பானிய மக்களின் இறையியல் எதற்கு?' என்ற கேள்வி நேர்காணலில் வரலாம். சொற்பொழிவு ஆற்றாதீர்கள். "இந்தப் பாடத்தை என் கல்லூரியில் கற்பிக்கிறேன்" என்றோ "அங்கே கட்டுரை வாசிக்கிறேன்" என்றோ ஒரு வரி போதும்.

அமெரிக்காவிலேயே மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சிரமமில்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டையும் கல்லூரி தந்த ஐ-20 படிவத்தையும் அறையில் வைத்துவிட்டுப் போகவேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

கட்டணத்தைப் பற்றி ஒன்றுதான்: மாணவர், ஓய்வுபெற்றவர், சிறு சபைப் போதகர் என்று சலுகைகள் இருக்கும், பதிவுப் படிவத்தில் சில சமயம் இருக்காது. எழுதிக் கேட்பவர்களுக்குக் கிடைக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்: நண்பர்களைத் தேடுங்கள்

இதை விசாவைவிட முக்கியமாக நினைக்கிறேன். பழைய நண்பர்கள் யார் வருகிறார்கள் என்று மாநாட்டு வாசலில் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஹிஸ்பானிக் போதகர்கள் பலர் வாரநாட்களில் வேறு வேலை பார்த்துத்தான் சபை நடத்துகிறார்கள். என் நண்பர் ஒருவர் வெள்ளிக்கிழமை வரை லாரி ஓட்டுகிறார், ஞாயிறன்று பிரசங்கம் செய்கிறார். பகல் அமர்வுகளுக்கு அவரால் வரவே முடியாது. அவரைப் பார்க்கவேண்டுமென்றால் இரவு எட்டு மணிக்கு மேல், அவர் வீட்டில். ஆகவே மாநாடு முடிந்த அன்றே விமானம் ஏறாதீர்கள். முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினால் போதும், அவர்கள் குழுவே தொடங்கிவிடுவார்கள். நீங்கள் எழுதும் முதல் செய்தியில் மாநாட்டைப் பற்றி எழுதாதீர்கள். அம்மா எப்படி இருக்கிறார், கடைக்குட்டி பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேளுங்கள். பெயர்கள் மறந்துபோயிருந்தால் பழைய மின்னஞ்சல்களைத் துழாவி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துப் போய் "உங்கள் மகள்..." என்று இழுத்து நின்றவன் நான். அந்த மௌனம் இருக்கிறதே, அதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

வருகிறவர்கள் பட்டியலில் பெயரைத் தேடும்போது ஒரு சூட்சுமம். ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. பட்டியல் போடுவது அப்பாவின் பெயரை வைத்து. நாம் தமிழில் 'மார்க்வெஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்ட எழுத்தாளரை அங்கே 'கார்சியா' என்ற பெயரின்கீழ்தான் தேடவேண்டும். கடைசிச் சொல்லை மட்டும் பார்த்துத் தேடி, என் தோழி வரவில்லை என்று நானாக முடிவுகட்டி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் பெயர் பத்து வரி மேலே இருந்தது.

நம் பெயர்க் கோளாறு இதைவிடப் பெரிது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்போம். பதிவின்போது 'அட்டையில் எந்தப் பெயர் வேண்டும்' என்று ஒரு கேள்வி இருக்கும். அதை நிரப்ப மறந்தேன். கழுத்தில் தொங்கிய அட்டையில் என் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில். அவர் 1998இலேயே காலமாகிவிட்டார். டெக்சாசில் மூன்று நாள் எல்லோரும் அவரைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டித்தழுவினார்கள்.

பெட்டியில் என்ன?

மேல்துண்டு அல்லது மெல்லிய ஸ்வெட்டர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளியே நம் அக்கினி நட்சத்திரம், உள்ளே குளிர்சாதனம் ஊட்டி. கோட்டு, டை தேவையில்லை. ஆண்களுக்கு அங்கே விசேஷ உடை 'குவாயபேரா': முன்பக்கம் மடிப்பு வரிகளும் நான்கு பைகளும் வைத்த, வெளியே விட்டுக்கொள்ளும் சட்டை. நம் வெள்ளைக் கதர்ச் சட்டை அதற்குப் பங்காளி போலவே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு போன நாள் எனக்கு இரண்டு பேர் ஸ்பானிய மொழியில் வழி கேட்டார்கள்.

பரிசுக்கு கோவில்பட்டிக் கடலை மிட்டாயை விட்டால் சிறந்தது இல்லை. மெக்சிகோக்காரர்களுக்கு 'பலான்கேத்தா' என்று அதே மிட்டாய் உண்டு. அவர்களுடைய 'பிலோன்சியோ' என்பது கூம்பு அச்சில் ஊற்றிய வெல்லமேதான். ஒரு பாட்டியம்மா என் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து, மறுபடி கடித்து, ஏலக்காய் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டார். இறைச்சி, பழம், விதை எதுவும் கொண்டுபோகாதீர்கள். மிட்டாய் உட்பட உணவு எதுவானாலும் சுங்கப் படிவத்தில் கேட்டால் 'உண்டு' என்றே சொல்லுங்கள். சொல்வதால் தகராறு வருவதில்லை, மறைப்பதால் வருகிறது.

வந்து இறங்குதல்

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றில் மாறி, டாலஸிலோ ஹூஸ்டனிலோ இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானம். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவுச் சோதனை. பெட்டியையும் அங்கேயே எடுத்து மறுபடி ஒப்படைக்கவேண்டும். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். ஹூஸ்டனிலிருந்து பஸ்ஸிலும் வரலாம், சுமார் 320 கிலோமீட்டர். சான் அன்டோனியோ விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு நகரப் பஸ் ஒன்றரை டாலருக்குள் கொண்டுவிடும். பெட்டி இரண்டு இருந்தால் டாக்சி.

நண்பர் வந்து அழைத்துப்போகிறேன் என்றால், "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று மறுக்காதீர்கள். நம்மூரில் இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஏற்பது மரியாதை. அங்கே முதல் மறுப்பையே அவர்கள் உண்மையாக எடுத்துக்கொண்டு வருந்துவார்கள்.

முதல் காலை: எப்படிக் கூப்பிடுவது?

இந்த விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி. ஸ்பானிய மொழியில் நீ, நீங்கள் இரண்டும் உண்டு: 'தூ', 'ஊஸ்தேத்'. ஆங்கிலேயருக்கு இது பாடம் படித்துத் தெரியவேண்டும், நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. பெரியவர்களிடமும் புதியவர்களிடமும் 'ஊஸ்தேத்'. அவர்களாக 'தூ' என்று சொல்லச் சொல்லும்வரை மாற்றாதீர்கள். சீர்திருத்தச் சபைக்காரர்களும் பெந்தெகொஸ்தேயினரும் ஒருவரையொருவர் 'எர்மானோ', 'எர்மானா' என்றுதான் அழைப்பார்கள். நம் சபைகளில் 'சகோதரர்', 'சகோதரி' என்பதன் அதே தொனி. வயதான அம்மாக்களுக்குப் பெயருக்கு முன் 'தோன்யா', ஐயாக்களுக்கு 'தோன்'. வணக்கத்துக்கு 'தியோஸ் லே பெந்தீகா', கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக. நாம் 'ஸ்தோத்திரம்' சொல்லும் இடத்தில் எல்லாம் இதைச் சொல்லலாம்.

ஓர் அறைக்குள் நுழைந்தால் பொதுவாகக் கைகூப்பிவிட்டு உட்காருவது அங்கே போதாது. இருக்கிற ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுக்கவேண்டும், அல்லது கன்னத்தோடு கன்னம். கூச்சமாக இருந்தால் கையை முன்னால் நீட்டிக்கொண்டே போங்கள், புரிந்துகொள்வார்கள். பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து முறை. கிளம்பும்போதும் அதே பதினைந்து. "கிளம்புகிறேன்" என்று சொன்னதற்கும் வண்டி நகர்வதற்கும் நடுவே அரை மணி நேரம் கணக்கில் வையுங்கள்.

'ஹிஸ்பானிக்' என்பதா, 'லத்தீனோ' என்பதா என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள். டெக்சாசில் தலைமுறைகளாக வாழும் மெக்சிகோ வழியினர் தங்களைத் 'தெஹானோ' என்பார்கள். யாரிடமும் எந்தச் சூழலிலும் குடியுரிமைக் காகிதம் பற்றிக் கேட்காதீர்கள். நெருங்கிய நண்பரானாலும் அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வதோடு சரி.

அமர்வுகளில்

மொழி இரண்டும் கலந்து ஓடும். ஒரே வாக்கியம் ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானியத்தில் முடியும். சில கூட்டங்களில் உடன்மொழிபெயர்ப்புக் கருவி தருவார்கள், வாங்கிக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். கருத்தெல்லாம் வந்துவிடும், நகைச்சுவை மட்டும் வராது. எல்லோரும் சிரித்து முடித்து ஐந்து விநாடி கழித்து நீங்கள் தனியாகச் சிரிப்பீர்கள். சீர்திருத்தச் சபைக் கூட்டமானால் வேதபாடம் 'ரெய்னா-வலேரா' மொழிபெயர்ப்பில் வாசிக்கப்படும். அதன் வேர் 1569 வரை போகிறது. புழக்கத்தில் இருப்பது 1960 திருத்தம். அதைவிட எளிய மொழிபெயர்ப்புகள் வந்தபின்னும் விடமாட்டேன் என்கிறார்கள். பழைய திருப்புதலை மார்போடு அணைத்துக்கொள்ளும் நம் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆய்வுக் கட்டுரையின் நடுவே பேச்சாளர் திடீரெனத் தன் தாத்தா பருத்தி பறித்த கதையைத் தொடங்கினால், விலகிப் போகிறார் என்று நினைத்துப் பேனாவை மூடிவிடாதீர்கள். 'தெஸ்திமோனியோ', சாட்சி, அங்கே வாதத்தின் உறுப்பு. அடிக்குறிப்பைவிட அதற்கு எடை அதிகம்.

கேள்வி கேட்க எழுந்தால் பெயர், ஊர், ஒரே ஒரு கேள்வி. "எங்கள் இந்தியாவில்..." என்று தொடங்கவேண்டாம். அந்த வார்த்தைக்கு அரங்கத்தில் பாதிப்பேர் கைபேசியைப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன், பேசிக்கொண்டிருந்தவனும் நானே. ஆனால் இடைவேளையில் அவர்களாக வந்து கேட்பார்கள். தலித் இறையியலும் அவர்களுடையதும் 1980களில் ஒரே காலத்தில் வளர்ந்தவை என்பதால் ஆர்வம் உண்மையானது. அதற்கு இரண்டு நிமிடப் பதில் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ஒரு நாட்டுக்கே தூதராக வேண்டாம். உங்கள் ஊரில், உங்கள் சபையில் நீங்கள் கண்டதைச் சொன்னால் போதும்.

குவாதலூப்பே மாதா படம் மேடையில் இருக்கும். 1531இல் மெக்சிகோவில் நாவாத்துல் மொழி பேசிய ஹுவான் தியேகோ என்ற பழங்குடிக்கு அவர் மொழியிலேயே பேசிக் காட்சி தந்தார் என்பது நம்பிக்கை. சீர்திருத்தச் சபை நண்பர்கள் சிலருக்கு அந்தப் படம் நெருடலாகவும் இருக்கும், தங்கள் பாட்டியின் நினைவாகவும் இருக்கும். வேளாங்கண்ணிக்குப் போகிற பக்கத்து வீட்டாரோடு வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாதிடாமல் இருக்க அந்த அனுபவம் கைகொடுக்கும்.

மேசை

இப்போது உண்மையான மாநாட்டுக்கு வருவோம். காலையில் 'தாக்கோ': மைதா ரொட்டிக்குள் முட்டையும் உருளைக்கிழங்கும், அல்லது பீன்ஸ். இனிப்பு பன்கள் தட்டு நிறைய வரும். அவற்றில் சிப்பி போல மேலே வரிபோட்டது 'கோன்ச்சா'. பட்டையும் வெல்லமும் போட்ட காப்பி கிடைத்தால் விடாதீர்கள்.

சைவர்களும் பன்றி இறைச்சி விலக்குபவர்களும் ஒரு சொல்லை மனப்பாடம் செய்யுங்கள்: 'மந்தேக்கா', பன்றிக் கொழுப்பு. பார்த்தால் சாதுவாகத் தெரியும் பீன்ஸ் மசியலிலும், மைதா ரொட்டியிலும், தமாலே மாவிலும் அது இருக்கலாம். சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் கொழுப்பும் சாறும் அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. "தியேனே மந்தேக்கா?" என்று நேராகக் கேளுங்கள்.

தமாலே என்பது சோளமாவை நடுவில் பூரணம் வைத்துச் சோளத்தோகையில் சுற்றி ஆவியில் வேகவைத்தது. பனையோலைக் கொழுக்கட்டையை ஓலையோடு தின்ன மாட்டோம், இதையும் தோகையோடு தின்னக் கூடாது. சிரிக்காதீர்கள். 1976 ஏப்ரலில் இதே சான் அன்டோனியோவில், தேர்தல் பிரசாரத்துக்கு வந்த அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு எல்லோர் கண்ணெதிரிலும் தோகையோடு கடித்துவிட்டார். அரை நூற்றாண்டாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 'தமாலுக்கும் தமிழுக்கும் உறவா' என்று ஒருவராவது உங்களைக் கேட்பார். இல்லை, அது நாவாத்துல் சொல். ஆனாலும் அந்த ஒரு கேள்வியில் ஒரு மணி நேரப் பேச்சு கிடைக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு அதே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு 'சோப்ரேமேசா' என்று தனிப் பெயரே இருக்கிறது. அடுத்த அமர்வுக்கு மணியடித்தாலும் யாரும் எழவில்லை என்றால் நீங்களும் எழவேண்டாம். என் மூன்றாவது பயணத்தில் அப்படி ஒரு மேசையில்தான், ஒரு தெருவில் இரண்டு சபைகள் பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்த கதையை ஒரு போதகர் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவர் மெதுவாக, "அந்த இன்னொரு சபை என்னுடையது" என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் எழுந்துபோய் எல்லோருக்கும் மறுபடி காப்பி கொண்டுவந்தார். அன்று அரங்கில் நல்லிணக்கம் பற்றிய குழு விவாதம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு மதியம் வெளியே

நதியோர நடைபாதைக் கடைகளை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள். அதற்கு வழிகாட்டி வேண்டாம். சான் பெர்னாந்தோ பேராலயத்துக்கு நடந்தே போகலாம். கேனரித் தீவுகளிலிருந்து 1731இல் வந்தவர்கள் நிறுவிய பங்கு, 1738இல் கட்டத் தொடங்கிய கோயில். எலிசோந்தோ இங்கே பங்கின் தலைவராக இருந்தார். புனித வெள்ளியன்று பாடுகளின் காட்சி நகரத் தெருவிலேயே நடக்கும்.

அதன்பின் தெற்கே போங்கள். கொன்செப்சியோன், சான் ஹோசே, சான் ஹுவான், எஸ்பாதா ஆகிய நான்கு மிஷன்கள், அதாவது ஸ்பானியக் குருக்கள் பழங்குடியினரிடையே மதம் பரப்ப நிறுவிய குடியிருப்புகள். ஐந்தாவது மிஷனான ஆலமோவையும் சேர்த்து 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமானவை. நுழைவுக் கட்டணம் கிடையாது. நான்கிலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. எஸ்பாதாவுக்கு அருகே 1740களில் கட்டிய கல் நீர்ப்பாலம் இருக்கிறது, சிற்றோடைக்கு மேலே வாய்க்கால் ஓடுகிறது, இன்றும் தண்ணீர் போகிறது. மாத்தூர் தொட்டிப் பாலத்தின் பாட்டி என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீருக்குக் கையை நீட்டியபோது, கூட வந்த தோழி சொன்னார்: "இதைத் தோண்டியவர்கள் கோவாவில்தேக்கர்கள். என் அம்மா வழி அவர்கள். கட்டச் சொன்னவர்கள் ஸ்பானியர்கள். என் அப்பா வழி அவர்கள்." தொற்றுநோயிலும் வேலையிலும் அந்தப் பழங்குடி மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். கொன்சாலெஸ் 'குற்றமற்றதல்லாத வரலாறு', அதாவது தன் முன்னோரின் குற்றத்தையும் மறைக்காத வரலாறு, என்று எழுதியதை வகுப்பில் ஐந்து ஆண்டு விளக்கியிருக்கிறேன். அந்த வாய்க்கால் கரையில்தான் எனக்கே புரிந்தது.

ஞாயிறு இருந்தால் சான் ஹோசேயில் மரியாச்சி இசையோடு திருப்பலி. எந்தச் சபைக்காரரானாலும் போகலாம். உட்கார இடம் வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்னால் போகவேண்டும்.

பள்ளத்தாக்குக்கு அழைத்தால்

டெக்சாசின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் நண்பர்கள் இருந்தால் அழைப்பார்கள். சுமார் 400 கிலோமீட்டர், காரில் நான்கு மணி நேரம். சான் ஹுவான் மாதா பேராலயம் அங்கேதான். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி வடக்கே வரும்போது ஃபால்ஃபூரியாஸ் அருகே எல்லைக் காவலரின் சோதனைச் சாவடி. ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் குடியுரிமை கேட்பார்கள். நம்மைப் போன்ற வெளிநாட்டவர் பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு, மாணவரானால் ஐ-20 எல்லாம் கையில் வைத்திருக்கவேண்டும். கைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பது போதாது.

உங்களோடு சான் அன்டோனியோவுக்கு வர ஒரு நண்பர் காரணம் சொல்லாமல் மறுத்தால், அந்தச் சாவடிதான் காரணமாக இருக்கலாம். மாநாட்டுக்கே அவர் ஏன் வரவில்லை என்பதும் அதுவாக இருக்கலாம். வற்புறுத்தாதீர்கள், ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் அவரிடம் போங்கள். என் நான்கு மணி நேரப் பயணம் அப்படி ஒருவருக்காகத்தான். அவர் வீட்டு முற்றத்தில் எலுமிச்சை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மாநாட்டில் நான் எடுத்த குறிப்புகளை ஒவ்வொரு பக்கமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு இடங்களில் நிறுத்தி, "இது சரியில்லை" என்றார். இரண்டும் சரியில்லைதான்.

திரும்பும் நாள்

வீட்டில் செய்த சல்சாவைக் கட்டாயம் கொடுத்தனுப்புவார்கள். கைப்பையில் வைக்காதீர்கள். நூறு மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது, சல்சாவும் திரவக் கணக்கில்தான். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிப் பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவே. வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அந்தப் பாட்டியம்மா என் கடலை மிட்டாய் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது என் அம்மாவின் சட்டம். அதே சட்டம் அந்த வீட்டிலும் இருந்திருக்கிறது. டப்பா கனத்தது. சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார், கடலை மிட்டாயை அமெரிக்காவிலிருந்தா வாங்கி வருகிறீர்கள்?"